கடலோரச் சிற்றூரில் கழிவுநீர்: தொட்டி கட்டும் முன் தொடங்க வேண்டிய வேலை

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் மீனவ ஊர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நூறு இருநூறு வீடுகள், மணல் தரை, வீட்டுக்கு வீடு அடிபம்பு, அதற்குப் பக்கத்திலேயே கழிப்பறைக் குழி. புதிதாகப் பொறுப்புக்கு வந்த வார்டு உறுப்பினர், மகளிர் குழுவில் சுகாதார வேலையை எடுத்துக்கொண்டவர், கடலோரத்துக்கு முதல்முறை வேலைக்கு வந்திருக்கும் இளம் பொறியாளர் ஆகியோர் எங்கே தொடங்கி எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

வரிசை முக்கியம். ஊர்க்கூட்டத்தில் பெரும்பாலும் முதல் கேள்வியே "எந்தத் தொட்டி, எவ்வளவு செலவு" என்றுதான் வருகிறது. உள்நாட்டு மேட்டு நிலத்துக்கு வரைந்த தொட்டியைக் கொண்டுவந்து கடற்கரை மணலில் இறக்கினால், முதல் மழைக்காலத்திலேயே அதற்குள் நிலத்தடி நீர் புகுந்து கழிப்பறை நிரம்பி நிற்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தாழ்வான நிலத்தில் எழுந்த குடியிருப்புகளில் இதைப் பல இடங்களில் பார்க்கலாம். வீடு நன்றாக இருக்கும், கார்த்திகை மாதம் கழிப்பறை மட்டும் பயன்படாது. இந்த நிலத்தில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.

முதலில் தண்ணீர் மட்டம்

மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, அதனால் மேலே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் அது 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. ஊரின் அடிபம்பும் உறைகிணறும் எடுப்பது இந்தப் படலத்திலிருந்துதான். கழிப்பறைக் குழியிலிருந்து கசிவது போய்ச் சேர்வதும் இதே படலத்தில்தான். உள்நாட்டில் கிணறு கெட்டால் இன்னும் ஆழமாகப் போகலாம். இங்கே ஆழமாகப் போனால் உப்புத்தான் கிடைக்கும். வேறு தண்ணீர் இல்லாத ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அளக்கத் தொடங்குங்கள்.

அளப்பது எளிது. ஊரில் ஐந்தாறு உறைகிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கடலுக்குப் பக்கத்தில் ஒன்று, மணல்மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, உப்பனாறோ வாய்க்காலோ இருந்தால் அதன் கரையில் ஒன்று என்று பரவலாக இருக்கட்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றுச் சுவரின் உச்சியிலிருந்து அளந்துவிட்டு அந்த உயரத்தைக் கழிக்க மறப்பவர்கள் நிறைய. கடலை ஒட்டிய கிணறுகளில் ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறி இறங்கும்போது மட்டமும் கொஞ்சம் மாறும். ஓதம் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து அளந்தால் கணக்கு பாதுகாப்பான பக்கத்தில் இருக்கும்.

மாதம் ஒருமுறை ஒரு வருடம் அளந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் இரண்டு அளவு கட்டாயம் வேண்டும். ஒன்று மே மாதம். இன்னொன்று வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து முடிந்த நவம்பர் கடைசி அல்லது டிசம்பர். தொட்டிக்கு வேண்டியது டிசம்பர் அளவுதான். கோடையில் குழி தோண்டி "எட்டடி வரை காய்ஞ்ச மணல்தான்" என்று சொல்லும் கொத்தனாரை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்த மாதம்தான் தப்பு.

இந்த அளவு எதற்கு? கழிவுநீர் மணலில் இறங்கும்போது, குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் காய்ந்த மணல் இருந்தால், அதில் காற்று இருக்கும். கிருமிகள் மணல்துகள்களில் ஒட்டிக்கொண்டு, நாளாக நாளாகச் சாகும். குழியின் அடியே தண்ணீரில் நின்றால் அந்த வாய்ப்பு போய்விடும். கிருமி தண்ணீரோடு சேர்ந்து, பம்பு இழுக்கும் பக்கம் நகரும். "மணல்தானே, வடிகட்டிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். நுண்மணலாக, காய்ந்ததாக இருக்கும்வரை அது சரி. நனைந்த பருமணல் அந்த வேலையைச் செய்யாது.

குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவில் 2 மீட்டர் காய்ந்த மண் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் வழக்கமான விதி. அது இல்லாத இடத்தில் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். பம்பு மோட்டார் வைத்து இழுக்கும் ஊரில் அந்த 10 மீட்டர் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. 15-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் அளவைக் கொண்டு ஊரை மூன்றாகப் பிரிக்கலாம். தண்ணீர் 3 மீட்டருக்கும் கீழே இருக்கும் மணல்மேடுகளில் இரட்டைக் குழிக் கழிப்பறை நன்றாக வேலை செய்யும். ஒன்றிலிருந்து மூன்று மீட்டருக்குள் என்றால் ஆழம் குறைத்து, தரைக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். ஒரு மீட்டருக்குள் வந்துவிடும் இடத்தில் குழியே கூடாது.

இருப்பதைக் கணக்கெடுப்பது

அடுத்து வீடு வீடாகப் போங்கள். கையால் வரைந்த ஊர்ப் படம் போதும். கழிப்பறை, கிணறு, அடிபம்பு, தெருக்குழாய், மீன் இறக்கும் இடம், கருவாடு காயவைக்கும் இடம், மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாவற்றையும் குறியுங்கள்.

எல்லாரும் "செப்டிக் டேங்க் இருக்கு" என்பார்கள். பாதிக்கு மேல் அது தொட்டியாக இருக்காது. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விட்ட குழியாக இருக்கும். கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: கடைசியாக லாரி வந்து எடுத்தது எப்போது? "பத்து வருஷமாச்சு, இன்னும் நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால், அது அத்தனை வருடமும் கிணற்றுத் தண்ணீரில் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதை அந்த வீட்டுக்காரரிடம் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லாதீர்கள். அவருக்கு அப்படித்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் கழிப்பறை போக முடியாமல் இருக்கிறது, அப்போது எங்கே போகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம், கழிப்பறைக்கு ஊற்றும் தண்ணீர் நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் காரணம் லாரி பற்றிய பகுதியில் வரும்.

இரண்டு தண்ணீரையும் பிரித்து வையுங்கள்

குடிநீர்த் திட்டங்கள் இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகின்றன. ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். அதில் ஏறக்குறைய 80 சதவீதம், அதாவது 220 லிட்டர், கழிவாக வெளியே வரும். கையால் ஊற்றும் கழிப்பறையாக இருந்தால் இதில் கழிப்பறையிலிருந்து வருவது ஐம்பது அறுபது லிட்டர்தான். மீதி குளியல், துணி, பாத்திரம். கிருமியில் மிகப் பெரும்பங்கு அந்தச் சின்ன அளவில் இருக்கிறது.

இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் தொட்டியின் அளவு மூன்று நான்கு மடங்கு பெருக வேண்டும். அப்படிப் பெருக்காமல் விட்டால், படிய வேண்டியது படியாமல் வெளியே அடித்துக்கொண்டு போகும். சோப்பு நீரைக் கழிப்பறைத் தொட்டியில் திருப்பிவிடுவது நம் வீடுகளில் மிக வழக்கமான தவறு. இருக்கும் வீடுகளில் முதலில் செய்ய வேண்டிய மலிவான திருத்தமும் இதுதான்: குளியலறைக் குழாயைத் தனியே திருப்பிவிடுங்கள்.

வீட்டுத் தொட்டி

மலத்தொட்டியின் (செப்டிக் டேங்க்) வேலை சுருக்கமானது. கழிவை ஒரு நாளாவது அசையாமல் நிறுத்தி, கனமானதை அடியில் படியவைத்து, மிதப்பதை மேலே பிடித்து, நடுவில் இருக்கும் நீரை மட்டும் வெளியே விடுவது. அந்த நீர் சுத்தமான நீர் இல்லை. கிருமிகள் அதில் நிறைய இருக்கும். தொட்டிக்கு அடுத்து ஒரு கட்டம் இல்லாமல் குழாயை வாய்க்காலில் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

ஐந்து பேருக்கு இந்தியத் தர விதி கேட்பது பெரிய தொட்டி இல்லை. உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டருக்குச் சற்று அதிகம், அதற்கு மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் 'டி' வடிவக் குழாயாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதக்கும் கசடு நேரே வெளியே போய்விடும். காற்றுக்குழாயை மறக்காதீர்கள், அதன் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

கடலோரத்துக்கென்று சில கூடுதல் கவனம் வேண்டும். கடற்கரை மணலைக் கலவைக்கு எடுக்கவே கூடாது. உப்பு, கம்பியைத் தின்றுவிடும். மூடிப் பலகைக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றிக் குறைந்தது 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கட்டும். துருப்பிடித்து உடைந்த மூடி வழியாகக் குழந்தைகள் விழுந்து இறந்த செய்திகள் நம் மாநிலத்தில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மூடியைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

சுவருக்கு உள்ளும் புறமும் பூச வேண்டும், அடித்தளம் கான்கிரீட்டாக இருக்க வேண்டும். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு ஒரு நாள் முழுதும் விடுங்கள். சுவர் முதலில் கொஞ்சம் குடிக்கும். மறுபடி நிரப்பி இன்னொரு நாள் பாருங்கள். இரண்டாம் நாளும் இறங்கினால் கசிகிறது. இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, ஆனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

அப்புறம் தொட்டி மிதக்கும். கேட்டால் நம்ப மாட்டார்கள், கடற்கரை ஊரில் இது நடக்கும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டி என்பது தண்ணீரில் விட்ட காலிப் படகைப் போலத்தான். வெளியளவு 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியின் அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால், அதை மேலே தள்ளும் விசை 2,400 கிலோ எடைக்குச் சமம். கான்கிரீட் தொட்டி விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டி தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடியிழைத் தொட்டி வைத்தால், அடியில் கான்கிரீட் தளம் போட்டு, துருப்பிடிக்காத பட்டையால் அதோடு கட்டுங்கள். எந்தத் தொட்டியானாலும் மழைக்காலத்தில் முழுதாகக் காலி செய்யாதீர்கள்.

தொட்டியிலிருந்து வெளிவரும் நீருக்கு என்ன செய்வது? மேட்டு நிலத்தில் உறிஞ்சுகுழி. நீர்மட்டம் உயரமான இடத்தில் தரைக்கு மேல் நுண்மணலால் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மேடை எழுப்பி, அதன் உச்சியில் துளையிட்ட குழாயைச் சல்லிக்குள் பதித்து, அதில் விட வேண்டும். கழிப்பறையையும் அதே அளவுக்கு உயர்த்தினால்தான் நீர் தானாக ஓடும். படிக்கட்டு கூடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடியோடு கட்டுங்கள்.

இரட்டைக் குழி பொருந்தும் மேட்டில் அதுவே மலிவும் எளிதும். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை ஒன்றரை இரண்டு வருடம் ஆறவிட்டால் உள்ளே இருப்பது மக்கிய எருவாகிவிடும். பருமணலாக இருந்தால் குழியின் அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு நுண்மணல் நிரப்பச் சொல்கிறது விதி. இதைச் செய்யாமல் கட்டிய குழிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக்காரருக்கு அந்த நுண்மணல் வீண்செலவாகத் தெரியும். கிணற்றுக்கு அதுதான் காவல்.

தண்ணீர் ஒரு மீட்டருக்குள் வரும் பள்ளத்தில், சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிப்பறையைத்தான் முதலில் யோசிப்பேன். தரைக்கு மேல் இரண்டு அறைகள், போனபின் ஒரு கை சாம்பல், கழுவும் நீருக்குத் தனிப் போக்கு. 1990-களில் திருவனந்தபுரம் பக்கத்து மீனவ ஊர்களில் பால் கால்வர்ட் என்ற பொறியாளர் இதை அங்குள்ள மக்களோடு சேர்ந்து வடிவமைத்தார். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டம் காமேஸ்வரத்திலும் கட்டினார்கள். நிலத்தடி நீரைத் தொடாத கழிப்பறை இது. ஆனால் வீட்டில் எல்லாரும் ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். விருந்தாளி வந்தாலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத வீட்டில் கட்டிக் கொடுத்தால் ஒரே வருடத்தில் வலை வைக்கும் அறையாக மாறிவிடும். விரும்பிக் கேட்பவர்களுக்கு மட்டும் கட்டுங்கள்.

லாரி

ஊரின் கழிவுநீர்த் திட்டத்தில் மிக முக்கியமான பொருள் ஒரு நாள்காட்டி என்று நினைக்கிறேன். தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்தால் எடுக்க வேண்டும். சராசரி வீட்டில் அது இரண்டு மூன்று வருடத்தில் வரும். நிரம்பி வழிந்தபின் கூப்பிடுவது என்றால், அதற்கு முன் பல மாதங்கள் தொட்டி எதையும் பிடிக்காமல் கடத்தியிருக்கிறது.

ஆகவே தெரு வாரியாக முறை வைத்து, மாசியிலிருந்து ஆனிக்குள் எடுத்து முடியுங்கள். அப்போது நீர்மட்டம் கீழே இருக்கும், தொட்டி மிதக்காது, லாரியும் மணலில் புதையாமல் வரும். பத்து வீடுகளுக்குச் சேர்த்துப் பேசினால் விலையும் குறையும். தொட்டியை ஒட்ட ஒட்ட உறிஞ்ச வேண்டாம், அடியில் கொஞ்சம் விட்டுவைத்தால் அதிலிருந்து நுண்ணுயிர்கள் மறுபடி பெருகும்.

லாரி எங்கே கொட்டுகிறது என்று ஓட்டுநரிடம் நேராகக் கேளுங்கள். உப்பனாற்றிலோ சவுக்குத் தோப்பிலோ இரவில் கொட்டுவார் என்றால், ஊர்க்கழிவு ஊருக்கே திரும்பி வருகிறது. முகத்துவாரங்களில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. 2014-ல் தமிழ்நாடு அரசு கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2017-ல் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் மலக்கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது, அதன்பின் வேறு ஊர்களிலும் வந்தன. உங்களுக்குப் பக்கத்து நகராட்சியில் எது கசடை ஏற்கிறது என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உரிமம் உள்ள லாரியை மட்டும் ஊருக்குள் விடுவது என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சிலர் குழி தோண்டிப் புதைத்துவிடலாம் என்பார்கள். நீர்மட்டம் உயரமான ஊரில் அது கூடவே கூடாது.

இப்போது உயிர் பற்றிய விஷயம். கடலோரத் தொட்டி உள்நாட்டுத் தொட்டியைவிட ஆபத்தானதாக இருக்க முடியும். கடல்நீரில் சல்பேட் மிக அதிகம், லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் அளவுக்கு. அந்த உப்பு கலந்த ஊற்றுத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றும் வீட்டில், காற்றில்லாத தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை இல்லையே என்று இறங்குபவர் சில நொடியில் மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுவார். தம்பியைத் தூக்கப்போன அண்ணனும் சேர்ந்து இறந்த வீடுகள் நம் நாட்டில் எத்தனையோ.

யாரையும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இறக்கிவிட்டவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளே ஏதாவது அடைத்துக்கொண்டால் மேலிருந்தே நீண்ட கழியால் கிளறுங்கள், முடியாவிட்டால் வேறு இயந்திரம் வரும்வரை காத்திருங்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்கவும் விடாதீர்கள், மீத்தேன் தீப்பிடிக்கும்.

குளியல் நீர், மீன் கழுவும் நீர்

குளியல் நீருக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு சல்லிப் படுகை போதும். ஆளுக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 5 சதுர மீட்டர். 60 சென்டிமீட்டர் ஆழம், அடியில் கனத்த தார்ப்பாய் அல்லது பூசிய தளம், இரண்டு முனையிலும் பெரிய கல், நடுவில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சல்லி. நீர் நுழைவதற்கு முன் எண்ணெயும் சோறும் தங்க ஒரு சின்னத் தொட்டி வையுங்கள், வாரம் ஒருமுறை அதைச் சுத்தம் செய்யுங்கள். நீர்மட்டம் எப்போதும் சல்லியின் மேற்பரப்புக்குக் கீழே நிற்கும்படி வெளிக்குழாயின் உயரத்தை அமைத்தால் கொசு வராது. கல்வாழை, சம்பு, நாணல் மூன்றும் இந்த மண்ணில் வளரும். கல்வாழை உப்புக்காற்றில் கொஞ்சம் கருகும், வீட்டின் மறைவில் வைத்தால் தாங்கும். வெளிவரும் நீரைத் தென்னைக்கு விடலாம்.

மீன் கழுவும் நீர் வேறு சாதி. இரத்தம், செதில், கொழுப்பு, உப்பு எல்லாம் சேர்ந்தது. அதில் அழுக்குச் சுமை கழிப்பறை நீரைவிடப் பல மடங்கு இருக்கும், சில மணி நேரத்தில் நாறும். அதை வீட்டுப் படுகையிலோ தொட்டியிலோ விட்டால் அடைத்துவிடும். ஏலக் கூடத்திலேயே சாய்வான சிமென்ட் தளம், கம்பிவலை, கொழுப்புப் பிடிக்கும் தொட்டி இருக்க வேண்டும். வலையில் நிற்கும் குடலையும் செதிலையும் அன்றன்றே எடுத்துக் கோழித் தீவனத்துக்கோ எருவுக்கோ கொடுத்துவிட்டால் சுமையில் பெரும்பங்கு தண்ணீரில் கலக்காமலே போய்விடும்.

தெருவுக்கு ஒரு அமைப்பு

வீடுகள் நெருங்கி, மேடை போடவும் இடம் இல்லாத தெருக்களில் இருபது முப்பது வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று கட்டலாம். பாதாளச் சாக்கடையை இங்கே ஏன் போட வேண்டாம் என்றால், அதற்கு ஆழமான பள்ளம் வேண்டும். மணலில் பள்ளம் சரியும், தண்ணீர் ஊறும். போட்டு முடித்தாலும் இணைப்புகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே புகுந்து, பம்பு ராத்திரி பகலாக அதைத்தான் இறைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் கசியாத தொட்டி, அதிலிருந்து தெளிந்த நீரை மட்டும் கொண்டுபோகும் 100 மில்லிமீட்டர் குழாய். கசடு இல்லாததால் சரிவு குறைவாகவே போதும், ஆழமும் குறையும்.

அந்த நீர் போய்ச் சேரும் இடத்தில், தடுப்புச் சுவர்கள் வைத்த மூடிய தொட்டி, அதன்பின் செடி நட்ட சல்லிப் படுகை, கடைசியில் வெயில் படும் ஆழமில்லாத குட்டை. மின்சாரம் இல்லாமல் ஓடும். புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த வகை அமைப்பு இருக்கிறது. போய்ப் பார்ப்பதற்கு உங்கள் ஊர் ஆட்கள் நான்கு பேரை அனுப்புங்கள், படம் காட்டிப் பேசுவதைவிட அது பலன் தரும்.

காற்று ஊதும் இயந்திரம் வைத்த சுத்திகரிப்பு நிலையத்தை விற்க ஆட்கள் வருவார்கள். அது கெட்ட தொழில்நுட்பம் இல்லை. ஆனால் மாதா மாதம் மின்கட்டணமும் தெரிந்த ஆளும் வேண்டும். உப்புக்காற்று மோட்டாரைத் தின்னும் ஊரில், புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊரில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொது அமைப்பு முதிர்ந்து ஒழுங்காக வேலை செய்ய சில மாதங்கள் ஆகும். பழைய தொட்டியின் கசடைக் கொஞ்சம் விட்டுத் தொடங்கினால் விரைவாகும். சுத்திகரித்த நீரைச் சவுக்குக்கும் தென்னைக்கும் விடுங்கள், பச்சையாகச் சாப்பிடும் காய்க்கு வேண்டாம்.

பணமும் அனுமதியும்

தூய்மை இந்தியா இயக்கத்தின் ஊரகப் பகுதிக்கான இரண்டாம் கட்ட நெறிகள் 2020-ல் வந்தன. அதில் குளியல், சமையல் கழிவுநீருக்கு 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய் வரையும், அதைவிடப் பெரிய ஊருக்கு 660 ரூபாய் வரையும் ஒதுக்க இடம் இருக்கிறது. 800 பேர் உள்ள ஊருக்கு 2,24,000 ரூபாய். சல்லிப் படுகைகளுக்கு இது நல்ல தொடக்கம். தகுதியுள்ள வீடுகளுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் தனியாக உண்டு. உயர்த்திய மேடைக்கும் கசியாத தொட்டிக்கும் அது போதாது, மீதியை எங்கிருந்து கொண்டுவருவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் (கட்டுமானத்துக்கும் கழிவுக்கும் அரசு கட்டுப்பாடு வைத்திருக்கும் கடற்கரைப் பகுதி) சுத்திகரிக்காத கழிவை வெளியே விடுவதற்குத் தடை இருக்கிறது. பொது அமைப்பு கட்டும் இடம் அந்த மண்டலத்தில் எந்தப் பிரிவில் வருகிறது, அனுமதி வேண்டுமா என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

சோதித்துக்கொண்டே இருப்பது

வேலை பலன் தருகிறதா என்பதைக் கிணற்றுத் தண்ணீர்தான் சொல்லும். ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை மலிவானது. குப்பியில் தண்ணீரை நிரப்பி அறை வெப்பத்தில் வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். ஊற்றியவுடனே கறுத்தால் அது தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் வாயுவாக இருக்கலாம், அந்தக் கிணற்றின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பல ஊராட்சிகளில் குடிநீர்ச் சோதனைப் பெட்டியும் அதற்குப் பயிற்சி பெற்ற பெண்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

நைட்ரேட்டையும் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தொட்டியும் மணலும் கிருமியைக் குறைத்தாலும் நைட்ரேட்டைப் பிடிப்பதில்லை, காய்ச்சினாலும் அது போகாது. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று அந்த வீட்டில் நேரில் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு வருடமும் மே மாதமும் டிசம்பர் மாதமும் அதே கிணறுகளில் எடுங்கள். டிசம்பரில் மட்டும் ஒரு குப்பி கறுத்தால், நீர்மட்டம் உயர்ந்து ஏதோ ஒரு குழியைத் தொடுகிறது. அந்தக் கிணற்றைக் குடிக்க எடுப்பதை நிறுத்தி, பிளீச்சிங் பவுடர் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். திரும்பவும் கறுத்தால், நீங்கள் அளந்து வைத்த மட்டங்களை ஊர்ப் படத்தில் எழுதிப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து அந்தக் கிணற்றுக்கு வருகிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தில் கிணற்றுக்கு மிக அருகில் இருக்கும் குழியை முதலில் மாற்றுங்கள்.